அந்தப் பத்தொன்பது வருடமும் பொய்யா?

கேள்வி: எனக்கு வயது 46. என் கணவர் 19 வருடம் பாத்திரக்கடை நடத்தினார். சொந்த வீடு, கார், மகளின் படிப்பு என்று எதற்கும் குறையில்லை. சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் "நீ கொடுத்து வைத்தவள்" என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கடன் ஏறிக் கடையை மூடினோம். வீட்டை விற்று எல்லோருடைய கடனையும் அடைத்துவிட்டோம். இப்போது வாடகைக்கு ஒரு சின்னப் போர்ஷன். நான் இட்லி மாவு அரைத்து 22 வீடுகளுக்குக் கொடுக்கிறேன். மாவு புளித்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். கணவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில், என்னைக் கொடுத்து வைத்தவள் என்ற அதே சித்தி, "பாவம், எப்படி இருந்தவள்" என்று என் காதுபடவே சொன்னார். அன்று இரவு உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்: "சாகும்வரை யாரையும் மகிழ்ச்சியானவர் என்று சொல்லாதே – கிரேக்க ஞானி." அப்படியானால் நான் சந்தோஷமாக இருந்ததாக நினைத்த அந்த 19 வருடமும் பொய்யா?
– வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாதிக் கதையைக் கேட்டுவிட்டு அழுதிருக்கிறீர்கள். அந்த வரியை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொன்னவர் சோலோன். கி.மு. 594-இல் ஏதென்ஸ் நகருக்குச் சட்டம் வகுத்துக் கொடுத்தவர். கேட்டவன் குரோசஸ், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டு அரசன். அவனுடைய செல்வம் அன்றைக்கே பழமொழி. கதையை எழுதி வைத்தவர் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். காலக்கணக்குப்படி இந்தச் சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பில்லை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனாலும் கிரேக்கர்கள் இந்தக் கதையை விடவே இல்லை.

சார்டிஸ் நகருக்கு விருந்தாளியாக வந்த சோலோனுக்குத் தன் கருவூலத்தைத் திறந்து காட்டச் சொல்கிறான் அரசன். எல்லாம் காட்டி முடித்ததும், "நீங்கள் பார்த்தவர்களிலேயே மிகவும் பாக்கியசாலி யார்?" என்று கேட்கிறான். தன் பெயர்தான் வரும் என்று காத்திருக்கிறான். சோலோனோ ஏதென்ஸ்காரரான டெல்லஸ் என்பவரைச் சொல்கிறார். நல்ல பிள்ளைகள், கண்முன் வளர்ந்த பேரப்பிள்ளைகள், ஊருக்காகப் போரிட்டு வந்த மரணம், விழுந்த இடத்திலேயே ஊர் செலவில் அடக்கம். சரி, இரண்டாவது இடமாவது கிடைக்கும் என்று பார்த்தால், அதுவும் கிடைக்கவில்லை. அது ஆர்கோஸ் நகரின் இரண்டு சகோதரர்களுக்குப் போய்விடுகிறது. திருவிழாவுக்குப் போக மாடுகள் வந்து சேராததால், அம்மாவை உட்காரவைத்துத் தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு கோவில்வரை போனவர்கள் அவர்கள்.

அரசனுக்குக் கோபம். அப்போது சோலோன் ஒரு கணக்குப் போடுகிறார். மனித ஆயுளை 70 வருடம் என்று வைத்தால், அன்றைய கிரேக்க வழக்கப்படி இடையில் சேர்க்கும் மாதங்களோடு 26,250 நாள். அதில் ஒரு நாள் கொண்டுவருவதை இன்னொரு நாள் கொண்டுவராது. அதனால் முடிவு தெரியும்வரை உன்னைப் பாக்கியவான் என்று சொல்ல மாட்டேன், அதிர்ஷ்டம் உள்ளவன் என்று மட்டும் சொல்கிறேன் என்கிறார்.

உங்களுக்கு வந்த வரி இதுதான். உச்சியில் நின்றுகொண்டு கீழே பார்க்காத ஒருவனை எச்சரிக்கச் சொன்னது. விழுந்து எழ முயலும் ஒரு பெண்ணின் பழைய நாட்களை அழிக்க யாரும் சொல்லவில்லை. அதிலும், அதிர்ஷ்டம் வேறு, நல்வாழ்வு வேறு என்று சோலோன் பிரித்ததைக் கவனியுங்கள். உங்கள் சித்தி சொன்ன "கொடுத்து வைத்தவள்" இந்த முதல் வகைச் சொல். அவர் பார்த்தது வீட்டையும் காரையும். அவை போனதும் சொல்லும் மாறிவிட்டது. நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதை அவர் அன்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை.

குரோசஸ் கதை முடிந்த விதமும் தெரிந்திருக்கும். கி.மு. 546 வாக்கில் பாரசீக அரசன் சைரஸ் சார்டிஸைப் பிடித்தான். சிதையில் ஏற்றப்பட்ட குரோசஸ் மூன்று முறை சோலோனின் பெயரைச் சொல்லிக் கதறினான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அந்தக் கதறல்தான் சோலோனின் வார்த்தையைப் பிரபலமாக்கியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நூற்றாண்டு கழித்து இதே கேள்வியை அரிஸ்டாட்டில் என்ற கிரேக்கத் தத்துவஞானி எடுத்துக்கொண்டார். நிக்கோமாக்கிய அறநூல் என்று சொல்லப்படும் அவருடைய நூலின் முதல் பகுதியிலேயே சோலோனோடு வாதாடுகிறார். ஒருவர் நன்றாக வாழும்போது அதைச் சொல்லக் கூடாது, செத்த பிறகுதான் சொல்லலாம் என்பது விசித்திரமாக இல்லையா என்று கேட்கிறார். அதிர்ஷ்டத்தின் பின்னாலேயே போனால், ஒரே மனிதரை இன்று பாக்கியசாலி என்போம், நாளை பாவம் என்போம், மறுநாள் மறுபடி மாற்றுவோம். அவரைப் பச்சோந்தி ஆக்கிவிடுவோம் என்கிறார். ஆமாம், பச்சோந்தி என்றே எழுதியிருக்கிறார். அந்தக் கல்யாண மண்டபத்தில் உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஆகவே அந்த 19 வருடம் பொய் இல்லை. நடந்தது நடந்தது. கடை மூடியதால் அது பின்னோக்கிப் போய் மாறிவிடாது.

எனக்கு அரிஸ்டாட்டில் மீது மரியாதை வருவது இதற்கு அடுத்த இடத்தில்தான். சிலரைப் போல, நல்லவரை எந்தத் துன்பமும் தொடாது என்று அவர் சொல்வதில்லை. பெரிய அடிகள் விழுந்தால் வலிக்கும், வாழ்வின் ஒளி மங்கும், சீக்கிரத்தில் மீளவும் முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அப்போதும், மரத்துப்போனதால் இல்லாமல் மனம் பெரிதாக இருப்பதால் ஒருவர் அதைத் தாங்கும்போது, உள்ளே இருக்கும் மேன்மை வெளியே தெரியும் என்கிறார். கேவலமான காரியத்தை என்றைக்கும் செய்யாதவரின் வாழ்க்கை முழுதாகப் பாழாகாது என்பது அவர் முடிவு.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வீட்டை விற்று எல்லோருடைய கடனையும் அடைத்துவிட்டோம் என்ற வரி. தயவுசெய்து அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சித்தியின் கண்ணுக்கு அது வீழ்ச்சி. அரிஸ்டாட்டில் அதில்தான் வெளிச்சத்தைப் பார்த்திருப்பார்.

இந்த மேன்மைக்குக் கிரேக்கத்தில் 'அரெத்தே' என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழில் அறம் என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் அவர்கள் அதைக் கண்ணுக்கும் சொல்வார்கள், குதிரைக்கும் சொல்வார்கள். நன்றாகப் பார்ப்பது கண்ணின் அரெத்தே, நன்றாக ஓடுவது குதிரையின் அரெத்தே. மனிதருக்கு அது துணிவு, நிதானம், தாராளம், நேர்மை. அது பிறவியிலேயே வந்துவிடுவதில்லை. யாழை வாசித்து வாசித்துத்தான் கலைஞராவதுபோல, நேர்மையானதைச் செய்து செய்துதான் நேர்மையானவராகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு நூல் தேவையில்லை. கிரைண்டரில் உளுந்து ஓடும்போது ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறீர்கள் அல்லவா? மிதந்தால் நிறுத்துகிறீர்கள். மார்கழியில் விடியும்வரை வெளியே வைத்தும் பொங்காத மாவை, சித்திரையில் சில மணி நேரத்திலேயே எடுத்து உள்ளே வைத்துவிடுகிறீர்கள். எல்லா நாளுக்கும் ஒரே நேரம் என்று விதி கிடையாது, கைக்குத் தெரிகிறது. மிகையும் குறையும் இல்லாத நடுநிலை என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இப்படித்தான். பத்து மினா (அன்றைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காக, எல்லோருக்கும் ஆறு என்று பயிற்சியாளர் அளந்துவிட முடியாது, அது மல்யுத்த வீரன் மிலோவுக்குப் போதாது, புதிதாக வந்தவனுக்கு அதிகம் என்கிறார். ஆளையும் நேரத்தையும் பார்த்துத்தான் அளவு.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. இதே மனிதர்தான் பெண்கள் ஆளப்பட வேண்டியவர்கள் என்றும், சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்றும் எழுதினார். அதை நான் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்க வேண்டாம். அவர் சொன்னதில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது.

அப்புறம், பழைய சந்தோஷத்தை நினைத்தாலே அழுகை வருகிறது என்றால், அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸைக் கொஞ்சம் கேளுங்கள். இன்பம்தான் இலக்கு என்று சொன்னதால் பெரிய போகி என்று அவருக்குக் கெட்ட பெயர். ஒரு சின்னப் பாத்திரம் பாலாடைக்கட்டி அனுப்பு, நினைத்தபோது விருந்து சாப்பிடுவேன் என்று நண்பருக்கு எழுதியவர் அவர். கி.மு. 270-இல் சிறுநீரடைப்பின் தாங்க முடியாத வலியில் கடைசிக் கடிதம் எழுதினார். வலி இதற்குமேல் கூட முடியாத அளவில் இருக்கிறது, ஆனால் நாம் பேசிக்கொண்டிருந்த நாட்களின் நினைவு தரும் மகிழ்ச்சி அதற்கு எதிரே நிற்கிறது என்று அதில் இருக்கிறது. இறந்துபோன நண்பரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறார். போன நாட்களை அவர் இழப்புக் கணக்கில் எழுதவில்லை. உங்கள் 19 வருடத்தையும் அப்படியே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவர். என் கவலை உங்களைவிட அவரைப் பற்றித்தான். அரிஸ்டாட்டில் ஒலிம்பிக் போட்டியை உதாரணம் காட்டுவார்: வந்து நின்றவர்களில் அழகானவருக்கும் பலசாலிக்கும் மாலை போடுவதில்லை, இறங்கி ஓடியவருக்குத்தான். திறமை உள்ளேயே தூங்கினால் அது வாழ்வு ஆகாது. அவர் தோற்றது கடையில். சரக்கு பார்த்து வாங்குவதும், கடன் கொடுத்தவர் மனம் கோணாமல் பேசுவதும், கணக்கை நேராக வைப்பதும் எங்கே போய்விட்டன? நல்ல செருப்புத் தைப்பவர் கையில் கிடைத்த தோலை வைத்து முடிந்தவரை நல்ல செருப்பைத் தைப்பார் என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். இப்போது உங்கள் இருவர் கையிலும் கிடைத்திருக்கும் தோல் ஒரு கிரைண்டரும் 22 வீடும்.

அவரிடம் அறிவுரை பேச வேண்டாம். "இந்த மாதம் யார் யார் பாக்கி என்று எனக்குக் குழம்புகிறது, கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு நோட்டையும் பேனாவையும் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் நாள் தொடாமல் இருக்கலாம். எடுத்துவிட வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து, அரிசியும் உளுந்தும் மொத்தமாக எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.