மாத்திரையா, சிறுகுறிஞ்சான் பொடியா?

கேள்வி: மாமியாருக்கு 64 வயசு, பத்து வருஷமா சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுறாங்க. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு இப்போ தினமும் சிறுகுறிஞ்சான் பொடி குடிக்கிறாங்க. மாத்திரைய நிப்பாட்டிடவான்னு கேக்குறாங்க, என்ன சொல்றது?
- ஒரு வாசகி, தேனி

பதில்: நிப்பாட்டவே வேண்டாம்னு சொல்லுங்கம்மா. சிறுகுறிஞ்சான் ஒண்ணும் சும்மா இல்ல, பச்ச இலைய மென்னுட்டு சீனிய வாயில போட்டா மணல் மாதிரிதான் இருக்கும், ஆனா நாக்குக்கு இனிப்பு தெரியலன்னா ரத்தத்துலயும் சுகர் இல்லைன்னு அர்த்தமா? கிளிமிபிரைடு கணையத்த தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை, அதோட இந்தப் பொடியும் சேந்தா சுகர் 70-க்கு கீழ இறங்கிடலாம், வேர்க்கும், கை நடுங்கும், படபடன்னு வரும். அப்போ உடனே மூணு டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணில கரைச்சுக் குடுங்க, பொடி குடிச்ச வாய்க்கு இனிக்கலன்னாலும் குடிக்கச் சொல்லுங்க.

மாத்திரைன்னா கெமிக்கல், பொடின்னா இயற்கைன்னு ஒரு பேச்சு இருக்கே, அந்த மெட்ஃபார்மினுக்குப் பூர்வீகமே ஐரோப்பாவுல வளர்ற கலேகாங்கற செடிதான், 1957-ல பிரான்ஸ்ல சுகருக்கு வைத்தியமா வந்துச்சு. என்ன, அளவு பாத்து மில்லிகிராம் கணக்குல தர்றாங்க, கடைப் பொடில அந்தக் கணக்கு கிடையாது.

அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறப்ப பொடி டப்பாவையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரெண்டும் பாத்துடுங்க.