விற்கத் தெரிந்தவர் வாங்கிய அணி

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில், பிறர் பணத்தைத் திரட்டிக் கம்பெனிகளை வாங்கும் பிரைவேட் ஈக்விட்டிக்காரர்களை 'விற்பதற்காகவே வாங்குகிறவர்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அதற்குள் எங்களுக்கு மூன்று முதலாளிகள். ஒவ்வொரு தடவையும் ஒரு டவுன்ஹால் மீட்டிங், கேக், 'எதுவும் மாறாது' என்ற உறுதிமொழி. இரண்டே மாதத்தில் கேன்டீனிலிருந்து மாற ஆரம்பிக்கும். அதனால் உங்கள் வரியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இதே தொழிலில் பெரிய ஆளான டேவிட் ரூபன்ஸ்டைன், தன் சொந்த ஊர் பேஸ்பால் அணியை 74 வயதில் வாங்கினார் என்று படித்தேன். அந்த வயதில் அதையும் விற்றா சம்பாதிக்கப்போகிறார்? பாசத்தில் வாங்கினாரா, கணக்குப் போட்டா?

எட்டாவது படிக்கும் என் பையன் ஆர்சிபி பைத்தியம். டீமை யாராவது வாங்கிவிட்டால் கப்பும் கூடப் போய்விடுமா என்று கேட்கிறான். அதற்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

எஸ்.,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.,

கேன்டீன் விஷயம் சரிதான். முதலில் தண்ணியாவது சாம்பார்.

ரூபன்ஸ்டைன் 1949இல் பால்டிமோரில் பிறந்தவர். அப்பா தபால் துறை ஊழியர், இவர் ஒரே பிள்ளை. சட்டம் படித்து, நியூயார்க்கில் கொஞ்ச நாள் வக்கீலாக இருந்துவிட்டு, 27 வயதில் ஜிம்மி கார்ட்டரின் வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டார். உள்நாட்டுக் கொள்கைப் பிரிவில் வேலை. 1980 தேர்தலில் கார்ட்டர் தோற்றதும் அதுவும் போயிற்று. திரும்பவும் வக்கீல் கோட்டு.

1987இல் வேறு சிலரோடு சேர்ந்து வாஷிங்டனில் கார்லைல் குழுமத்தை ஆரம்பித்தார். பெயர் நியூயார்க்கில் உள்ள ஓர் ஓட்டலுடையது. போட்ட முதல் 50 லட்சம் டாலர். பணத்தின் தலைநகரம் நியூயார்க்காக இருக்கும்போது ஏன் வாஷிங்டன்? அங்கே கிடைப்பது முன்னாள் மந்திரிகள். வெளியுறவு மந்திரியாக இருந்த ஜேம்ஸ் பேக்கர், மூத்த புஷ், பிரிட்டனின் ஜான் மேஜர் என்று பதவியிலிருந்து இறங்கியவர்கள் பலர் பின்னால் கார்லைலுக்கு ஆலோசகர்களாக வந்தார்கள். கூட்டாளிகளுக்குக் கணக்கு வழக்குத் தெரியும். ரூபன்ஸ்டைனின் வேலை ஊர் ஊராகப் பறந்து ஓய்வூதிய நிதிகளிடமும் பணக்கார நாடுகளிடமும் பணம் கேட்பது. அவரை முதலீட்டாளர் என்பதைவிட, கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பதை அல்சூரில் ஒரு பழைய வீட்டை வைத்துச் சொல்கிறேன். வீட்டின் விலை ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம் (அல்சூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம்). 40 லட்சம் உங்கள் மாமாவும் சித்தப்பாவும் நம்பிக் கொடுத்தது, மீதி வங்கிக் கடன். அந்தக் கடன் உங்கள் பெயரில் இல்லை, வீட்டின் பெயரிலேயே இருக்கிறது. வாடகையிலிருந்து தவணை போகும். குழாய் மாற்றுவீர்கள், வாடகையை ஏற்றுவீர்கள், கீழ்போர்ஷன் பாட்டியைக் காலி செய்யச் சொல்வீர்கள். ஐந்தாறு வருடத்தில் இரண்டு கோடிக்கு விற்று, கடனை அடைத்து, மாமாவின் முதலைத் திருப்பி, மிஞ்சிய லாபத்தில் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொள்வீர்கள். இடைப்பட்ட வருடங்களில் பராமரிப்புக் கூலியாக ஆண்டுக்கு 2 சதவீதம் தனி. இதில் உங்கள் சொந்தப் பணம் கொஞ்சம்தான். உங்கள் ஆபீசில் மூன்று தடவை நடந்தது இதுதான். நீங்கள் வாடகைக்காரர்கூட இல்லை, குழாய்.

நம் பக்கத்து உதாரணம் ஹெக்சாவேர் என்ற ஐ.டி. கம்பெனி. தலைமையகம் நவி மும்பை, சிறுசேரியில் பெரிய வளாகம். 2013இல் பேரிங் ஆசியா என்ற இன்னொரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் வாங்கியது. 2021இல் அவர்களிடமிருந்து கார்லைல் வாங்கியது. 2025 பிப்ரவரியில் 8,750 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியீடு வந்தது. அது முழுக்க கார்லைல் தன் பங்குகளை விற்றது, புதுப் பங்கு என்று ஒன்றுகூட இல்லை. தப்பு என்று சொல்லவில்லை. முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிவைத்த அந்த ஃபண்டுக்கு ஆயுள் குறித்திருக்கிறது. ஏறக்குறைய பத்து வருடத்துக்குள் மாமாக்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே போன வாரம் எழுதிய வரியைத் திருத்திக்கொள்கிறேன்: இவர்கள், விற்கும் தேதியைக் குறித்துவிட்டு வாங்குகிறவர்கள். எனக்கு நிஜமாகவே எரிச்சலான விஷயம் அந்த இருபது சதவீதம். உழைத்ததற்குக் கிடைக்கும் கூலி அது. ஆனால் அமெரிக்காவில் அதற்கு முதலீட்டு லாபத்துக்கான குறைந்த வரிதான். ரூபன்ஸ்டைன் அதை வெளிப்படையாகவே ஆதரித்துப் பேசியவர்.

அப்புறம் அவருடைய தானங்கள். 2007இல், அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பழைய ஆங்கிலச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1297ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றை 2 கோடியே 13 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, பொதுமக்கள் பார்வைக்கு அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் வைத்தார். 2011 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட வாஷிங்டன் நினைவுத்தூணைச் சரிசெய்யப் பாதிச் செலவு, 75 லட்சம் டாலர், அவருடையது. சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதாக 2010இலேயே கையெழுத்துப் போட்டவர். வரியைக் குறைத்துக் கட்டிவிட்டு நினைவுத்தூணுக்கு நன்கொடை தருவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதற்கு இன்னொரு கடிதம் வரட்டும்.

இனி அணி. பால்டிமோரில் கோல்ட்ஸ் என்று ஒரு கால்பந்து அணி இருந்தது, அமெரிக்கக் கால்பந்து. 1984 மார்ச்சில் ஒருநாள் ராத்திரி, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் முதலாளி லாரிகளை வரவழைத்து அணியின் சாமான்களை ஏற்றி இண்டியானாபோலிஸுக்கு அனுப்பிவிட்டார். ஊர் விடிந்து எழுந்தபோது அணி இல்லை. முதலாளி என்ற சொல்லுக்கு இவ்வளவு அர்த்தம் உண்டு என்று நமக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ரூபன்ஸ்டைன் வாங்கியது அங்கே மிஞ்சிய பேஸ்பால் அணியான ஓரியோல்ஸை. 1993இல் உள்ளூர் வக்கீல் பீட்டர் ஆஞ்சலோஸ் தலைமையில் ஒரு குழு 17 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிய அணி. 2024 மார்ச்சில் ரூபன்ஸ்டைன் குழு அதே குடும்பத்திடமிருந்து வாங்கியபோது மதிப்பு 172 கோடியே 50 லட்சம். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. வாய் பிளக்கிறோம், இல்லையா? முப்பது வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், ஆண்டுக்கு 8 சதவீதம்கூட முழுசாக வரவில்லை. உங்கள் பி.எஃப். வட்டி அதே 2024இல் 8.25. இடையில் வந்த டிவி பணம், டிக்கெட் பணம் தனி. இருந்தாலும் விலை ஏற்றம் இவ்வளவுதான். இந்தத் தொழிலில் வழக்கமாக ஒரு விதி உண்டு. போட்டவர்களுக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைத்த பிறகுதான் மேனேஜர் தன் இருபதைத் தொடலாம். அதாவது ஆஞ்சலோஸ் குடும்பத்தின் முப்பது வருட விலையேற்றத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால், ரூபன்ஸ்டைனின் சொந்த ஃபண்டில்கூடக் கமிஷன் தேறாது.

கார்லைலின் பணத்தை வைத்து அவர் இதை வாங்கவில்லை. தன் பணமும் கூட்டாளிகள் பணமும். அணிக்கு அந்த ஊரில் விளையாட 30 வருட ஒப்பந்தமும் அப்போதுதான் ஆகியிருந்தது. தேதி குறிக்காமல் அவர் வாங்கிய பொருள் இது என்றுதான் படுகிறது. முதல் சீசனில் இடதுபக்கக் கேலரியில் குழாயைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சினார். பாசமா கணக்கா என்று கேட்டால், பாசம் என்றே சொல்வேன். கணக்குத் தெரிந்தவரின் பாசம். அணியின் விலை வருடா வருடம் ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இதைக் குஜராத் டைட்டன்ஸோடு வைத்துப் பாருங்கள். 2021இல் சிவிசி என்ற ஃபண்டு 5,625 கோடிக்கு வாங்கியது. 2022இல் முதல் சீசனிலேயே கப். விற்கக்கூடாது என்ற கெடு 2025 தொடக்கத்தில் முடிந்தது. அதை ஒட்டியே 67 சதவீதம் டோரன்ட் குழுமத்துக்குக் கைமாறியது. ஃபண்டு, ஃபண்டு செய்வதைச் செய்தது.

அணியை வாங்குகிறவர்கள் எதற்கு இவ்வளவு கொடுக்கிறார்கள்? சின்னசாமி மைதானம் மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் கையில். ஆட்டக்காரர்கள் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுவது பெயரும், லீக்கில் ஓர் இடமும், 2023 முதல் 2027 வரை 48,390 கோடிக்குப் போன ஒளிபரப்பு உரிமையில் ஒரு பங்கும். அந்த 48,390 கோடி எதை நம்பி வந்தது என்றால் உங்கள் பையனை நம்பி. பிடிக்கவில்லை என்றால் சோப்பை மாற்றுவோம், அணியை மாற்ற மாட்டோம். 2008இல் 11 கோடியே 16 லட்சம் டாலருக்குப் போன ஆர்சிபி, 2025 ஜூன் 3 வரை ஒரு ஐபிஎல் கப்கூட வாங்கவில்லை. யாரும் மாறவில்லை. கப் வந்த மறுநாள், கொண்டாட்டத்துக்குக் கூடியபோது, அதே மைதானத்தின் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். அதனால் ரசிகரின் விசுவாசம் என்று எழுதவந்தால் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

பையனிடம் சொல்லுங்கள்: யார் வாங்கினாலும் கப் ஆர்சிபி கணக்கில்தான் இருக்கும். சட்டையில் விளம்பரம் மாறினால் மட்டும் புதுச் சட்டை நீங்கள் வாங்கித்தரவேண்டி வரும்.