யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கட்டுப்படியாகிற விலையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி கோண்டாவிலில் இருப்பதாகவும், கூரை திறக்கிற, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை என்றும், வீட்டில் எல்லோரும் "சாமான் எங்கே எடுப்பாய், ஆர் திருத்தித் தருவினம்?" என்று மறிப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

முடியும் தம்பி. 2017இலிருந்து நான் எம்.ஜி. மிட்ஜெட் என்கிற அப்படியான ஒரு கார் வைத்திருக்கிறேன். 1965ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி. வாங்கும்போது ஓடாத நிலையில் இருந்தது. அதே காசுக்கு ஓடுகிற பழைய மாருதி ஒன்று எடுத்திருக்கலாம். திருத்தி எடுக்க, கொடுத்த விலையளவுக்கு இன்னொரு தொகை போனது. இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தாங்க முடிந்தது.

வீட்டார் கேட்ட கேள்வி நியாயமானது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக்மாரின் கைக்குப் பழகிய எஞ்சின் எந்த ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் ஓடாத ஒழுங்கை இல்லை. அதற்குள் இருப்பது பி.எம்.சி. கம்பனியின் ஏ சீரிஸ் எஞ்சின். 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்றுக்கும், 1961இல் வந்த மிட்ஜெட்டுக்கும் அதே குடும்பத்து எஞ்சினைத்தான் போட்டார்கள். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்பரேற்றர் மைனரில் ஒன்று, மிட்ஜெட்டில் இரண்டு. 1098 சிசி மைனர் 48 குதிரைவலு, என்னுடைய வண்டி 59. கொஞ்சம் பெரிய கார் வேண்டுமென்றால் எம்.ஜி.பி. இருக்கிறது. அதன் 1798 சிசி எஞ்சின் பி சீரிஸ். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், இந்தியாவின் பழைய அம்பாசிடர் எல்லாம் அந்தக் குடும்பம்தான். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. மிட்ஜெட்டும் 2 இலட்சத்துக்கு மேல். அதனால்தான் இன்றைக்கும் இங்கிலாந்தில் இவற்றுக்குப் புதுச் சாமான் செய்கிறார்கள், முழு பொடியையே (காரின் தகட்டுக் கூட்டை) புதிதாக அடித்து விற்கிறார்கள்.

இந்த எஞ்சின்களை எங்கள் ஆட்களுக்குப் பழக்கியது யுத்தம். 90களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் காண முடியாத காலத்தில் அப்பாவின் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. கார்பரேற்றருக்குள் சிறு போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வீதியெல்லாம் அந்த மணம். அமுக்க விகிதம் (கொம்பிறெஷன்) குறைந்த எஞ்சின் என்பதால் அது தாங்கியது. சாமான் வராத அந்த வருடங்களில், இல்லாததைக் கடைந்தும் உருக்கியும் செய்து இந்த வண்டிகளை ஓடவைத்தவர்களில் சிலர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் கொழும்பில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கதைக்கு வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்று உண்டு. தடைக்காலம் முழுக்க இங்கே நின்ற வண்டி என்றால் அது மண்ணெண்ணெய் குடித்த வண்டியாக இருக்கலாம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை மெலியச் செய்யும், பேரிங் தேயும். நல்ல காலமாக மிட்ஜெட்டின் டாஷ்போட்டிலேயே ஒயில் பிறெஷர் மீற்றர் இருக்கிறது. அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அதைப் பாருங்கள். ஓட்டத்தில் 40 இறாத்தலுக்கு மேல் ஊசி நின்றால் சந்தோஷம். சூடாகாத எஞ்சினில் காட்டுகிற அளவை நம்பவே வேண்டாம்.

என்னுடையது கண்டிப் பக்கம் நின்ற வண்டி. எஞ்சின் பரவாயில்லை, பொடிதான் மோசம். மிட்ஜெட்டுக்குத் தனிச் சேசி கிடையாது. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற சில் பெட்டிகள்தான் முதுகெலும்பு. அதற்குள் கறள் பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும். வெளியிலிருந்து பார்த்தால் புதுப் பெயின்ற் மின்னும், ஒன்றும் தெரியாது. நான் பார்க்கப் போனபோது கூடவந்த மெக்கானிக் பெரியவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. கூரையை மடித்து, கதவைச் சாத்திவிட்டு, வண்டியின் நடுப்பக்கத்தில் ஜக் வைத்து மெதுவாக உயர்த்தினார். கதவின் பின் ஓரத்துக்கும் பொடிக்கும் இடையில் விரல் நுனி போகிற இடைவெளி இருந்தது. ஜக் ஏற ஏற அந்த இடைவெளி மாறிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து பார்த்தார், இறுகிப்போய் இருந்தது. "சில் போட்டுது தம்பி. விலையைக் குறைச்சுக் கேள்" என்றார். பிறகு, சேட்டுப் பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் பொடி முழுக்கத் தடவினார். அது ஒட்டாமல் வழுக்கிய இடமெல்லாம் உள்ளே தகடு இல்லை, பூச்சுத்தான். பின் ஸ்பிறிங் பொருத்துகிற இடம், காலடித் தகடு, சில் மூன்றையும் இப்படிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். எஞ்சின் செய்கிற செலவைவிட ரிங்கர் வேலைச் (தகடு வெட்டி ஒட்டுகிற வேலை) செலவு கூட.

கடதாசியும் அப்படித்தான். லண்டன் மாமா ஒன்றை வாங்கி அனுப்புவார் என்ற கணக்கு சரிவராது. இறக்குமதிக்கு வயது வரம்பு இருக்கிறது, இங்கே ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டியைத்தான் தேட வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு நீங்களே குனிந்து பார்த்து ஒப்பிடுங்கள். ஜப்பான் எஞ்சின் மாற்றிப் பதியாமல் விட்ட வண்டிகள் நிறைய. புத்தகத்தில் பெயருள்ளவர் கனடா போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார், வண்டி நாலு கை மாறியிருக்கும். உரிமையாளரின் ஒப்பம் சரியாகக் கிடைக்காத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

"எல்லாம் மைனர் சாமான்தானே" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பகுதி உண்மை. ரைமிங் செயின், தண்ணீர்ப் பம்பு, டிஸ்ரிபியூட்டர் சாமான் என்று பலதும் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையிலோ இங்குள்ள பழைய கடைகளிலோ மைனருக்கென்று வாங்கிச் சமாளித்தேன். அந்தத் துணிவில் கிராங் ஷாப்ட் பேரிங்கையும் மைனருக்கு உரியதையே வாங்கிக்கொண்டு போனேன். பொருந்தவில்லை. 1964க்குப் பிறகு வந்த 1098 மிட்ஜெட்டில் மெயின் ஜேர்னல் (கிராங் ஷாப்ட் பேரிங்குக்குள் சுழல்கிற பகுதி) 2 அங்குலம், மைனரில் 1¾. வேகமாகச் சுழல்கிற எஞ்சின் என்று தடிப்பாக்கியிருக்கிறார்கள். சரியான பேரிங் லண்டனிலிருந்து வந்த சித்தியின் சூட்கேஸில் மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அதுவரை எஞ்சின் துண்டு துண்டாகக் கராச் வாங்கில் இருந்தது. எந்தச் சாமானையும் எஞ்சின் இலக்கத்தின் முன் எழுத்துகளைச் சொல்லியே கேளுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் தண்ணீர். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். றேடியேற்றருக்குள்ளும் அதையேதான் செய்கிறது. திருத்தி ஓட்டத் தொடங்கிய புதிதில், யாழ்தேவி ரயிலுக்காகக் கடவையில் பத்து நிமிடம் நின்றபோது வெப்ப ஊசி ஏறத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு, அரைவாசி வழி அடைபட்டுக் கிடந்தது. அன்றைக்குப் பிறகு பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரும் கூலன்றும் மட்டும்தான். அவசரத்துக்கு மாரித் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதும் நல்லது. இதுவரை ஊசி நடுவைத் தாண்டவில்லை.

இரண்டு கார்பரேற்றரையும் சமப்படுத்துவது பார்க்க வேண்டிய வேலை. இரண்டும் எஸ்.யூ. வகை. பெரியவர் எஞ்சினைச் சூடாக்கி, இரண்டையும் இணைக்கிற தண்டின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, அரை முழ நீள றப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைப்பார். மற்ற முனையை முதலாவதின் வாயில் பிடிப்பார், பிறகு இரண்டாவதில். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். "ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடவேணும்" என்று சொல்லி என் காதிலும் வைத்தார். முதலாவது உஸ்ஸென்று இழுத்தது, இரண்டாவது மெலிந்து கேட்டது. கால் திருகு திருகினார், இரண்டும் ஒன்றாயின. பிறகு கார்பரேற்றருக்குள் இருக்கிற பிஸ்ரனை நூல் அளவு உயர்த்தினார். எஞ்சின் ஒரு கணம் ஏறிப் பழைய கதிக்கு வந்தால் கலவை சரி, ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட, தடுமாறி நிற்கப் பார்த்தால் குறைவு. பிளக்கைக் கழற்றினால் பிஸ்கட் நிறமாக இருக்க வேண்டும். இதை மட்டுமாவது நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். வருடத்தில் இரண்டு தரம் தேவைப்படும்.

மின்சார வேலையில் ஒரு எச்சரிக்கை. 60களின் பிற்பகுதி வரை வந்த இந்த வண்டிகளில் பற்றரியின் பிளஸ்தான் பொடியோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். தெரியாதவர் பற்றரியை மாற்றிக் கொழுவினால் பாட்டுப் பெட்டி போகும், டைனமோவும் குழம்பும். பற்றரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

வால்வு இருக்கை தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டதால் எக்ஸோஸ்ற் வால்வு இருக்கைக்குக் கடினமான வளையம் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எஞ்சின் பிரிக்கும்போது போடலாம், அதற்காக அவசரப்பட வேண்டாம். 2022இல் பெற்றோல் கியூ.ஆர். பங்கீட்டில் வந்தபோது வண்டி மாதக்கணக்கில் நின்று, கார்பரேற்றருக்குள் பெற்றோல் காய்ந்து பசையாகிவிட்டது. நிறுத்தி வைப்பதைவிடக் கிழமைக்கு ஒருமுறை பத்து மைல் ஓட்டுவது மலிவு.

நிறுத்துகிற இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். நான் கிடுகுக் கொட்டில் போட்டிருக்கிறேன். மாரிக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கறள் பிடிக்கும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றிரவே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். வண்டி தாழ்வு, ஒழுங்கைக் குழிகளிலும் வேகத்தடையிலும் எக்ஸோஸ்ற் உரசும். சரிவாக, ஒரு சில்லு முதலில் ஏறும்படி எடுங்கள்.

பின்னேரம் நாலரைக்குக் கூரையைத் திறந்து பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போவேன். இரண்டு பக்கமும் கடல், இருக்கை நிலத்தோடு ஒட்டியது போல, தண்ணீர் தோள் உயரத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர்தான். காற்றும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து அது நூறு போலத் தெரியும். மூன்றாவது கியரிலிருந்து நாலுக்கு மாற்றும்போது லீவர் இரண்டு விரலுக்கு அடங்கும். வீட்டுக்காரி முதல் வருடம் ஏறவே மாட்டேன் என்றவ, இப்போது "காத்து நல்லாயிருக்கு, ஒருக்கா போவமே" என்று அவவே கேட்கிறா.

அந்தப் பெரியவருக்கு இப்போது 74 வயது. சனிக்கிழமை காலையில் மட்டும்தான் கராச் திறக்கிறார், வேலை பழக ஒருவரும் வரவில்லை என்று கவலைப்படுகிறார். உங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். வண்டி தேடுவதற்கு முன் அவரைத் தேடுங்கள். நாலு சனிக்கிழமை போய்ப் பக்கத்தில் இருந்து, அவர் மைனர் பிரிப்பதைப் பாருங்கள். பிறகு வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜக்கும் காந்தமும் மறக்க வேண்டாம்.