பாதியில் நின்ற லாங்வுட் மாளிகை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் என்ற சிற்றூரில் உள்ள லாங்வுட் மாளிகை ஏன் பாதியில் நின்றது? பணம் தீர்ந்துவிட்டதா?

பதில்: பண முடை பின்னால் வந்தது, முதலில் ஆளில்லாமல்தான் வேலை நின்றது. பருத்திப் பண்ணை முதலாளியான ஹாலர் நட், பிலடெல்பியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோனிடம் வரைபடம் பெற்று, 32 அறைகள் கொண்ட எண்கோண வீடாக இதை 1860-இல் கட்டத் தொடங்கினார். நுணுக்க வேலைக்காக வடக்கிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள், 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் போட்டது போட்டபடி ஊர் திரும்பினர். மேல்தளத்திற்கு ஏறினால், பூச்சே காணாத செங்கல் சுவர்களுக்கும் மரச் சட்டங்களுக்கும் இடையே, அவர்கள் விட்டுச்சென்ற கருவிகளையும் மரப்பெட்டிகளையும் இன்றும் பார்க்கலாம்.

கேள்வி: அப்படியானால் யாருமே அங்கே குடியிருக்கவில்லையா?

பதில்: குடியிருந்தனர். அடித்தளத்து ஒன்பது அறைகளை மட்டும், உள்ளூர்த் தொழிலாளரையும் அடிமைகளையும் கொண்டு 1862-இல் முடித்து, குடும்பம் அதில் குடியேறியது. 1864-இல் நட் நிமோனியாவால் இறந்தார். அவருடைய மனைவி ஜூலியா, வெறுங்கூடாக நின்ற மேல்தளங்களைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, 1897-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். தென்மாநிலங்கள் பிரிந்து போவதை நட் எதிர்த்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்; அப்படியிருந்தும் போரில் அவருடைய பண்ணைகள் அழிந்தன. அதற்கான இழப்பீட்டைக் கேட்டு ஜூலியா பல ஆண்டுகள் அரசுடன் போராடி, ஒரு பகுதியையே பெற்றார்.

கேள்வி: உச்சியிலுள்ள வெங்காய வடிவக் குமிழ்மாடம் நம் நாட்டுச் சாயலா?

பதில்: நேரடித் தொடர்பு இல்லை. இத்தகைய வீட்டை ஸ்லோன் ‘கீழைத்தேய வில்லா’ என்றே அழைத்தார். அவர் வரைந்தது அக்கால மேற்கத்தியரின் கற்பனைக் கிழக்கு.

கேள்வி: இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது?

பதில்: நூற்றுக்கணக்கான அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியிலிருந்து. தெற்கின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளுள் ஒன்று நடந்ததும் இதே நாட்செஸில்தான். ‘நட்டின் மடமை’ என்று ஊரார் இவ்வீட்டுக்கு வைத்த பட்டப்பெயரைச் சுவையான கதையாகச் சொல்பவர்கள், சுவர் எழுப்பியவர்களைப் பற்றி ஒரு வரியேனும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இப்போது உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். 1969-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இம்மாளிகை, 1970 முதல் ‘பில்கிரிமேஜ் கார்டன் கிளப்’ என்ற உள்ளூர் அமைப்பின் கையில் இருக்கிறது. மேல்தளங்களைக் கட்டி முடிக்காமல், அவை நின்ற நிலையிலேயே காத்துவருகிறார்கள்.