மிருக வைத்திய பீடம் கிடைக்காவிட்டால் வைரஸ் ஆய்வுக்குப் போக முடியாதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதியிருக்கிறாள். மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாது, பேராதனை மிருக வைத்திய பீடமும் சந்தேகம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளோ மாடுகளுக்கு வரும் வைரஸ்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். கிரான் பக்கம் பட்டி வைத்திருக்கும் குடும்பம் என்பதால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு வேலை உண்மையில் இருக்கிறதா, பிள்ளைக்கு ஆபத்து வராதா, பேசாமல் ரீச்சர் ஆக்கிவிடலாமா என்பதுதான் உங்கள் கவலை.

வேலை இருக்கிறது. மிருக வைத்தியர் ஆகாமலும் அதற்குள் போகலாம். அது என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வைரஸ் தானாக வளராது, உயிருள்ள கலத்துக்குள் (செல்லுக்குள்) தான் பெருகும். முன்பு ஒரு நோயைப் படிக்க வேண்டுமென்றால் கன்றுக்கோ ஆட்டுக்கோ அந்த நோயை ஏற்றித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு விலங்கின் உடலிலிருந்து எடுத்த கலங்களைப் போத்தலில் வளர்க்கப் பழகினார்கள். அவற்றில் சில கலங்கள் சாகாமல் ஓயாது பெருகின. கல வரிசை என்று சொல்வது அவற்றைத்தான். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போல, நிரம்பிய போத்தலிலிருந்து கொஞ்சம் கலங்களை எடுத்துப் புதுப் போத்தலில் விடுவார்கள். மாட்டின் சிறுநீரகத்திலிருந்து 1957இல் உருவான எம்.டி.பி.கே., ஹாம்ஸ்டர் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து 1961இல் வந்த பி.எச்.கே.-21, ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து ஜப்பானில் 1962இல் தொடங்கிய வீரோ, இவையெல்லாம் இன்றும் உலகம் முழுவதும் வளர்கின்றன. மிச்சத்தைத் திரவ நைதரசனில் -196 பாகை செல்சியசில் உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

இதனால் பட்டிக்காரருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். மாட்டின் தோலெங்கும் கட்டி கட்டியாக வரும் லம்பி ஸ்கின் நோய் 2020இல் இலங்கைக்குள் வந்தது. ஒரு கட்டியின் பொருக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினால், பி.சி.ஆர். சோதனை அதில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று சில மணித்தியாலங்களில் சொல்லிவிடும். அந்த வைரஸ் உயிரோடு இருக்கிறதா, இன்னொரு மாட்டுக்குத் தொற்றுமா என்று அது சொல்லாது. அதைக் கலத்தில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். கால் வாய் நோயில் இன்னொரு சிக்கல். அந்த வைரஸில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. களத்திலிருந்து எடுத்த வைரஸைக் கலத்தில் வளர்த்து, ஊசி போட்ட மாட்டின் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) அதை அடக்குகிறதா என்று பார்ப்பது, அந்த ஊசி நம் மாட்டைக் காக்குமா என்று அறியும் முக்கியமான வழி. பி.எச்.கே.-21 கலங்கள் கால் வாய் நோய்த் தடுப்பூசித் தயாரிப்பிலேயே பயன்படுகின்றன.

மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயின் (ரிண்டர்பெஸ்ட்) கதையைக் கட்டாயம் மகளுக்குச் சொல்லுங்கள், இது நம் பகுதியையும் தொட்ட கதை. இலங்கையில் இல்லாமல் போயிருந்த அந்த நோய், கடல் கடந்து இறைச்சிக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு 1987இல் மீண்டும் புகுந்தது. இங்கே அது கடைசியாக 1994இல்தான் பதிவானது. உலகம் முழுவதும் அந்த நோய் ஒழிந்துவிட்டதென்று 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மை நோய்க்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். அதற்கு வழி செய்தவர் வோல்டர் பிளோரைட் என்ற மிருக வைத்தியர். கென்யாவில் கன்றின் சிறுநீரகக் கலங்களில் அந்த வைரஸை ஏறத்தாழ தொண்ணூறு தடவை மாற்றி மாற்றி வளர்த்து, நோய் தராத, ஆனால் காப்புத் தரும் ஒன்றாக அதை ஆக்கினார். 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பின்னர் அதே தடுப்பூசி வைரஸை வீரோ கலங்களுக்குப் பழக்கி, குளிர்ப்பெட்டி இல்லாமலும் சில வாரம் தாங்கும் ஊசியாக்கினார்கள். மின்சாரம் இல்லாத மேய்ச்சல் தரைகளில் அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

காட்டு விலங்குகளும் இதற்குள் வரும். 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸால் செத்தன. அந்த வைரஸ் சாதாரண வீரோ கலங்களில் இலகுவாக வளராது. வைரஸ் பிடித்துக்கொள்ளும் நாயின் புரதம் ஒன்றை வீரோ கலங்களில் சேர்த்த பிறகு வேலை சுலபமானது. ஆசிய யானைக் குட்டிகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று இருக்கிறது. அதைக் கலத்தில் வளர்ப்பது இன்னும் பெரிய தலையிடியாகவே இருக்கிறது. அம்பாறையில் கல்லோயா யானைகளைப் பார்த்து வளரும் ஒரு பிள்ளை இதைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டால் எனக்கு மிகவும் சந்தோசம்.

சரி, ஆபத்து. லம்பி ஸ்கின்னும் 2024 ஒக்டோபரில் இலங்கையில் உறுதியான ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. விசர்நாய்க்கடி வைரஸ் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவார்கள். பல இடங்களில் ஆய்வுகூட விதிகள் இறுக்கமாக இருப்பதற்குக் காரணம், வெளியில் நிற்கும் மாடுகளுக்கு நோய் போய்விடக் கூடாது என்பதுதான். 2007இல் இங்கிலாந்தின் பேர்பிரைட்டில், ஆய்வு வளாகத்தின் பழுதான கழிவுக் குழாயிலிருந்து கால் வாய் நோய் வைரஸ் கசிந்து பக்கத்துப் பண்ணைகளுக்குப் போனது. ஆகவே உங்கள் மகள் இதற்குள் வந்தால், வேலை முடித்து நேரே பட்டிக்குப் போவதைத் தவிர்க்க வேண்டி வரும்.

இனி வழி. மிருக வைத்தியப் பட்டம் இந்த நாட்டில் பேராதனையில் மட்டும்தான். அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விடாதீர்கள். நம் மாவட்டத்தின் முந்தைய வருட வெட்டுப்புள்ளிகளைப் பாருங்கள். அதற்குக் கிட்ட இருந்தால் விண்ணப்பத்தில் மிருக வைத்தியத்தை மேலே போடட்டும்.

கிடைக்காவிட்டால் உயிரியல் விஞ்ஞானப் பட்டம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் கிடைத்தால் கிரானிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், விடுதிக் கவலையும் இல்லை. அங்கேயே விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானமும் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் நல்ல தெரிவு. எங்கே போனாலும் மூன்று வருடத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்யட்டும். இறுதி வருட ஆய்வை வைரஸ் சார்ந்த தலைப்பில் எடுக்கட்டும். கல வளர்ப்பு வசதி உள்ள இடமொன்றில் சில மாதம் பயிற்சி கிடைக்குமா என்று தன் விரிவுரையாளரிடம் இரண்டாம் வருடத்திலேயே கேட்கத் தொடங்கட்டும். ஆட்களை எடுக்கும்போது பட்டத்தின் பெயரைவிட "கலம் வளர்த்திருக்கிறாயா?" என்ற கேள்விதான் முதலில் வரும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவகத்திலும் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவகத்திலும் மேற்படிப்பு இருக்கிறது. அதெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதனால் ஆங்கிலத்தை இப்போதே தொடங்க வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், அம்மா. இந்த வேலைக்கு நாட்டில் இடங்கள் குறைவு. கன்னொறுவையில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள், கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என்று விரல்விட்டு எண்ணலாம். பலர் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில்தான் கலாநிதிப் பட்டம் வரை போகிறார்கள். ஆனால் கல வளர்ப்பு தெரிந்தவருக்கு மருந்து, தடுப்பூசி, புற்றுநோய் ஆய்வு எல்லாமே திறந்திருக்கும். உயிரியல் பட்டம் இருந்தால் ஆசிரியர் வேலையும் எங்கும் ஓடிப்போகாது. அதனால் ரீச்சரா ஆய்வா என்று இன்றைக்கே வெட்டி முடிவெடுக்கத் தேவையில்லை.

முடிவெடுக்க வேண்டியது அவளுடைய பொறுமையைப் பற்றி. கலங்களுக்குப் போயா விடுமுறையும் இல்லை, ஞாயிறும் இல்லை. ஒரு தடவை கை தவறினால் பூஞ்சணம் வந்து வாரக்கணக்கான வேலை வீணாகும். அதையாவது கண்ணால் காணலாம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். கலங்களுக்கு உணவாக ஊற்றும் கன்றுச் சீரத்தோடு மாட்டு வயிற்றோட்ட வைரஸே உள்ளே வந்து, எந்த அடையாளமும் காட்டாமல் முடிவுகளைக் குழப்பியதும் இந்தத் துறையில் நடந்திருக்கிறது. எழுதியதைத் திரும்பச் சரிபார்க்கும் குணமும், கெட்டுப்போனால் அழாமல் மறுபடி தொடங்கும் குணமும் இருந்தால் அவள் இதற்குப் பொருத்தம்.

பெறுபேறு வரும்வரை அவளை உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வைத்தியரிடம் அனுமதி கேட்டு, அவர் பட்டிகளுக்குப் போகும்போது கூடப் போகட்டும். மாதிரி எடுப்பது, பெயரிடுவது, குளிர்ப்பெட்டியில் வைப்பது எல்லாவற்றையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதட்டும். பெறுபேறு வந்ததும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தில் தெரிவுகளை எந்த ஒழுங்கில் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.