ஓடுற வண்டியில் ஏசியைத் தொடுவது எப்படி? கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் கார் ஏசி வேலை செய்கிறவன் நான். ஓட்டும்போது ஏசியை இயக்குவது பற்றி இன்று சாயங்காலம் முழுக்கப் பதில் சொல்கிறேன். நாப், பட்டன், டச் ஸ்கிரீன், கண்ணாடியில் படியும் ஆவி, ஹீட்டர் என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள். கூலிங் குறைந்துவிட்டது, கேஸ் போடணுமா என்ற கேள்வி மட்டும் வேண்டாம். வண்டியைப் பார்க்காமல் அதற்குப் பதில் கிடையாது.

திருவொற்றியூரிலிருந்து: அண்ணா, புது வண்டியில் ஏசி முழுக்க ஸ்கிரீனில்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர்களுக்கு நடுவில் போகும்போது ப்ளோயரைக் குறைக்கக்கூடப் பயமா இருக்கு. போகப் போகப் பழகிடுமா?

ஓரளவுக்கு மேல் பழகாது தம்பி. உங்கள் மேல் குறை இல்லை. நாப் என்றால் அதற்கு விளிம்பு இருக்கும், திருப்பினால் டக் டக் என்று படி தெரியும், எங்கே நிற்கிறது என்று விரலே சொல்லிவிடும். வீட்டில் கரண்ட் போனால் சுவரைத் தடவி சுவிட்சைக் கண்டுபிடிக்கிறோமே, அந்த வேலைதான். ஸ்கிரீனில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே வழவழப்பு. பட்டன் இருக்கும் இடம் மனப்பாடம் ஆகியிருந்தாலும், விரல் சரியாகப் பட்டதா, ப்ளோயர் குறைந்ததா என்று பார்க்கக் கண் போய்த்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. இரண்டு விநாடி குனிந்து பார்த்தால் 22 மீட்டர் யாரும் பார்க்காமல் ஓடிய வண்டி. அதற்குள் முன்னால் போகிற ட்ரெய்லர் பிரேக் போட்டிருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2013-ல் கார் கம்பெனிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாக 12 விநாடிக்கு மேல் கண்ணை எடுக்க விடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறது. அதுவும் கட்டாயம் இல்லை, பரிந்துரை.

ஸ்வீடனில் வி பீலேகரே என்ற கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை செய்தது. வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டு, சீட் ஹீட்டரைப் போடு, கண்ணாடி ஆவியை நீக்கு, ரேடியோ ஸ்டேஷனை மாற்று என்று சில வேலைகளை 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் உள்ள 2005 மாடல் வோல்வோ வி70-ல் எல்லாம் முடிய 10 விநாடி ஆனது, வண்டி ஓடியது 306 மீட்டர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் என்ற ஸ்கிரீன் காரில் அதே வேலைகளுக்கு 1,372 மீட்டர் ஓடியது. உங்கள் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது: ஓட்டியவர்களுக்கு அந்தந்தக் காரைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் கொடுத்திருந்தார்கள். பழகிய பிறகு வந்த கணக்கு இது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கிளம்பும் முன்பே 24 டிகிரியில் வைத்து, குளிரைத் தானே பார்த்துக்கொள்கிற ஆட்டோவில் போட்டுவிடுங்கள். ஸ்டியரிங்கில் உங்கள் இஷ்டத்துக்கு அமைத்துக்கொள்ளும் பட்டன் இருந்தால் அதை ஏசிக்கு ஒதுக்குங்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் நான்கு விரலையும் ஸ்கிரீனின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு கட்டை விரலால் தொடுங்கள். குண்டும் குழியுமான சாலையில் அந்தரத்தில் நீட்டிய விரல் எங்கேயும் சரியாகப் படாது.

மணலியிலிருந்து: ஏசியில் முன்ன மாதிரி கூலிங் இல்லை சார், கேஸ் போடணுமா?

முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேன். கேஸ் செலவாகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புகிறவரிடம் போகாதீர்கள்.

கொடுங்கையூரிலிருந்து: குப்பை மேட்டைத் தாண்டும்போது ஏசி வழியாகவே நாற்றம் உள்ளே வருகிறது. என்ன செய்வது?

ரீசர்குலேஷன் பட்டன்மா. கார் படத்துக்குள் அம்பு சுழன்று திரும்புகிற மாதிரி இருக்கும். அதைப் போட்டால் வெளிக்காற்றை எடுக்காமல் உள்ளே இருப்பதையே சுற்றும். ஆனால் நாற்றம் மூக்கில் ஏறிய பிறகு போட்டால் அதே நாற்றம்தான் உள்ளே சுற்றும். கொடுங்கையூர், மணலி எல்லாம் நமக்கு எங்கே ஆரம்பிக்கும் என்று தெரிந்த இடங்கள்தானே, முந்தின சிக்னலில் நிற்கும்போதே போட்டுவிடுங்கள். பழைய வண்டிகளில் பட்டனுக்குப் பதில் பக்கவாட்டில் தள்ளுகிற லிவர் இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினால் மூடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாண்டியதும் திரும்ப எடுத்துவிட வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து மூடிய காற்றையே மணிக்கணக்கில் சுவாசித்தால் கரியமில வாயு ஏறும், தலை கனக்கும், ஓட்டுகிறவருக்குத் தூக்கம் சொக்கும். அப்புறம் 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடந்த அம்மோனியா கசிவு மாதிரி ஏதாவது என்றால் இந்தப் பட்டனை நம்பி அங்கேயே நிற்காதீர்கள். அது முழுக்க அடைக்காது. போட்டுக்கொண்டு உடனே அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

வியாசர்பாடி, கால் டாக்ஸி ஓட்டுநர்: அண்ணே, மழையில் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துடுது. துணியால துடைச்சிக்கிட்டே ஓட்டுறேன். ஏசியைப் போட்டா சில நாள் சரியாகுது, சில நாள் இன்னும் மோசமாகுது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். முதலில் அந்தத் துணியைத் தூக்கிப் பின்சீட்டில் போடுங்கள். ஓடுகிற வண்டியில் துணி எடுக்கவே கூடாது. ஒரு கை ஸ்டியரிங்கில் இல்லை, உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது, துடைக்கிற இடத்தையே கண் பார்க்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கம் படிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது உள்பக்கம் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் ஆவி உள்ளே. மழையில் நனைந்த சட்டை, ஈரக் குடை, ஆட்களின் மூச்சு, எல்லா ஈரமும் சேர்ந்து குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. அதற்கு ஏசியைப் போட்டே ஆக வேண்டும், காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும், ரீசர்குலேஷனை எடுத்துவிட வேண்டும். கூலிங் காயிலைத் தாண்டும்போது காற்றில் இருக்கிற ஈரம் தண்ணீராக வடிந்துவிடும், காய்ந்த காற்று வந்து கண்ணாடியைத் துடைத்துவிடும். வண்டிக்குக் கீழே சொட்டுகிறதே, அதுதான் அந்தத் தண்ணீர். குளிராக இருந்தால் நாபைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் திருப்புங்கள், ஏசியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கோடு விழவில்லையா? ஆவி வெளியே. ஏசி காற்று கண்ணாடியில் பட்டு அதைச் சில்லென்று ஆக்கிவிட்டது, கடற்கரைப் புழுக்கம் வெளிப்பக்கம் வந்து படிகிறது. காசிமேடு, எண்ணூர் பக்கம் விடியற்காலையில் இதுதான் அதிகம். இதற்கு வைப்பர் ஒரு தட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துப் பக்கம் மாற்று, குளிரைக் குறை. முதல் வகைக்குச் செய்ததை இங்கே செய்தால் மோசமாகும். உங்களுக்குச் சில நாள் மோசமானதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று. முன் கண்ணாடிக்கான குறி விசிறி மாதிரி வளைந்திருக்கும், பின் கண்ணாடிக்குச் சதுரக் கட்டம். இரண்டிலும் நெளிநெளியாக அம்பு இருப்பதால் பதற்றத்தில் பின்னதை அமுக்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று தவிக்கிறவர்கள் நிறைய. பல வண்டிகளில் முன் கண்ணாடிப் பட்டனை ஒரு தடவை அமுக்கினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும்.

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து: கேஸ் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை போடணும்?

மணலிக்காரருக்குச் சொன்னதுதான்.

மீஞ்சூரிலிருந்து: பழைய கார். கண்டெய்னர் வரிசையில் மாட்டி நிற்கும்போது இன்ஜின் சூட்டு முள் ஏறுது. ஹீட்டரைப் போடச் சொல்றாங்க. சென்னையில் ஹீட்டரா?

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இன்ஜினைச் சுற்றி வருகிற சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்கும் போகிறது. ஏசியை நிறுத்துங்கள், நாபை முழுச் சிவப்புக்குத் திருப்புங்கள், ப்ளோயரை முழுசாக வையுங்கள், எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் உள்பக்கமாக வெளியேறும். ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரைக்கும்தான் இது. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து, ஐடி வேலை: சார், ஆட்டோ கிளைமேட் இருக்கு, வாய்ஸ் கமாண்ட் இருக்கு. கையே வைக்க வேண்டாம். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து ஸ்டார் கொடுக்கிற ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பே 2026-லிருந்து இண்டிகேட்டர், ஹஸார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்குத்தான் பட்டன் கேட்கிறது. ஏசி அதில் இல்லை. பட்டன் வேண்டும் என்பது பழைய ஆட்களின் பிடிவாதம்.

நல்லா படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் தம்பி, அந்தப் பட்டியல் சரிதான். ஆட்டோ நல்லது என்று நானே மேலே சொன்னேன். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஆட்டோவுக்குத் தெரிவது உள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு வெயில், அவ்வளவுதான். குப்பை மேடு வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது. கண்ணாடியின் எந்தப் பக்கம் ஆவி என்றும் தெரியாது. விலை உயர்ந்த சில வண்டிகளில்தான் ஈரத்தையும் புகையையும் மோப்பம் பிடிக்கும் சென்சார் உண்டு.

ராயபுரம், வாடகை வண்டி ஓட்டுநர்: நான் ஒண்ணு சொல்றேன் தம்பி. பின்னால சவாரி போன்ல பேசிக்கிட்டிருக்கும்போது நான் எப்படி வண்டியோட பேசுறது?

பெரம்பூர்: ஸ்டியரிங்கில் மைக் பட்டனை அமுக்கினால் பாட்டு நிற்கும், சொல்லிவிடலாம் அண்ணா.

காசிமேடு, மீன் வியாபாரம்: கை எப்பவும் ஈரம். டச்சு ஒரு தடவை கேக்காது, இன்னொரு தடவை ரெண்டா எடுத்துக்கும். நாபு இருக்கிற வண்டிதான் நமக்கு.

ஈரக் கை உண்மைதான் அண்ணே. திரையில் நீர்த்துளி பட்டால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும்.

பெரம்பூர்: திரையில் குறை இருந்தால் அப்டேட்டில் சரி செய்வார்கள். நாபை அப்டேட் செய்ய முடியுமா?

அப்டேட்டில் பட்டன் இருக்கும் இடமே மாறிப்போகும், அதைத்தான் நான் குறை என்கிறேன். கையும் கண்ணும் பழகியதெல்லாம் ஒரே ராத்திரியில் வீண். உங்கள் கட்சிக்காரர்களே திரும்பி வருவதையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் எட்டாம் தலைமுறையிலும் ஐடி.3 என்ற மின்சாரக் காரிலும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க விரலால் தேய்க்கிற பட்டை வைத்தது. அதற்கு விளக்கு இல்லை, ராத்திரியில் தடவித்தான் பார்க்க வேண்டும். திட்டு வாங்கி, பிறகு விளக்கு வைத்தார்கள். 2025-ல் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஆன்ட்ரியாஸ் மிண்ட், இனி சத்தம், இரண்டு பக்க வெப்பம், ப்ளோயர், ஹஸார்டு ஆகியவற்றுக்கு ஸ்கிரீனுக்குக் கீழே நிஜமான பட்டன் இருக்கும் என்று அறிவித்தார். யூரோ என்கேப் பட்டியலில் ஏசி முழுக்க வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி ஆவியை நீக்குகிற அந்த ஒரே ஒரு பட்டன் வர வேண்டும். வைப்பர் எதற்கோ அதற்கேதான் இதுவும், ரோடு தெரிய.

பெரம்பூர்: அந்த ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ராயபுரம்: ப்ளோயரையும் சேர்த்துக்கோ தம்பி.

மாத்தூரிலிருந்து: நடுவில் மன்னிக்கவும், கேஸ் விலை எவ்வளவு?

கேஸ் கேள்விக்கு இனி பதில் இல்லை.

எண்ணூர், ட்ரெய்லர் ஓட்டுநர்: புது லாரிக்கெல்லாம் கேபின் ஏசி கட்டாயம்னு வந்துடுச்சே, அதுலயும் ஸ்கிரீன் வெச்சிடுவாங்களா?

2025-லிருந்து பெரிய சரக்கு வண்டிகளுக்குக் கட்டாயம். துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் வெந்துகொண்டு நிற்கிறவர்களுக்கு வந்தே ஆக வேண்டிய சட்டம், எனக்கு ரொம்ப சந்தோஷம். வண்டி எடுக்கும்போது முதலாளியிடம் நாப் வைத்த கேபினே கேட்கச் சொல்லுங்கள். கிரீஸ் கையோடு, அந்தக் குலுக்கலில், டச் வேலைக்கு ஆகாது.

தண்டையார்பேட்டை, புதிதாக ஓட்டக் கற்பவர்: அண்ணா, டிரைவிங் ஸ்கூலில் கியர், கிளட்ச் சொல்லித் தந்தார்கள். ஏசியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

நல்ல கேள்வி தங்கச்சி. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். ப்ளோயரைக் குறை, முன் கண்ணாடி ஆவி, ரீசர்குலேஷன், ஏசி நிறுத்து என்று பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல, கை தானாகப் போக வேண்டும். கியரிலிருந்து கையை எடுத்தால் முதலில் எது தட்டுப்படுகிறது, அதிலிருந்து எத்தனை விரல் தள்ளி அடுத்தது என்று பிடித்துக்கொள்ளுங்கள். தடுமாறாமல் வந்த பிறகு ரோட்டுக்குப் போங்கள். எந்தப் பட்டன் கண்ணை மூடினால் சிக்கவே மாட்டேன் என்கிறதோ, அதை ஓடும்போது தொடாதீர்கள், சிக்னலில்தான். துணியையும் எடுக்காதீர்கள்.

மூலக்கடையிலிருந்து: அடுத்த மாதம் கார் வாங்குகிறேன். ஷோரூமில் எதைப் பார்க்க வேண்டும்?

உச்சி வெயிலில் போங்கள். டெஸ்ட் டிரைவில் ஸ்கிரீனில் வெயில் அடிக்கும்போது டிகிரி எண் தெரிகிறதா என்று பாருங்கள், கூலிங் கிளாஸ் போடுபவர் என்றால் போட்டுக்கொண்டு பாருங்கள். மேப் ஓடும்போது ஏசியை மாற்ற எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் போனால் விற்பனையாளரிடம் அதே மாடலில் கீழ் வேரியன்ட் கேளுங்கள். சில மாடல்களில் மேல் வேரியன்ட்டுக்கு டச், கீழுக்கு நாப் என்று வைத்திருக்கிறார்கள், விலையும் குறையும்.