மதகு வந்தால் இறங்கி நடப்பவர்

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு 69 வயது. ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1987-லிருந்து இரண்டு வருடம் அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார். அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. போன வருடம் அம்மா இறந்ததிலிருந்து ராத்திரியில் கத்திக்கொண்டு எழுகிறார், கை காலை உதறுகிறார். பைக்கில் போகும்போது மதகு வந்தால் நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்து தாண்டுகிறார். டாக்டர், 'வயசாச்சு, மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம்' என்று தூக்க மாத்திரை எழுதினார். இத்தனை வருடம் கழித்துப் போர் திரும்பி வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரும். இது என்ன நோய் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த மதகு என்னை விடமாட்டேன் என்கிறது. சாலைக்கு அடியிலும் மதகுக்கு அடியிலும் கண்ணிவெடி வைத்திருந்த ஊரில் இரண்டு வருடம் இருந்தவர் அவர். மறந்திருந்தால் பைக்கில் உட்கார்ந்தபடியே தாண்டியிருப்பார்.

போர் மாதிரியான பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்க்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர். அந்தப் பெயர் அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். அப்பா பட்டாளத்தில் சேர்ந்தபோது அந்தப் பெயரே கிடையாது. வேலை, குடும்பம் என்று ஓடும்வரை அடங்கிக் கிடப்பது, ஓய்வு பெற்றதும் அல்லது துணை போனதும் தலைதூக்குவது உண்டு. வயதானவர்கள் பயமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். தூக்கமில்லை, முதுகுவலி என்பார்கள், டாக்டரும் அதற்கே மருந்து எழுதுவார். பட்டாளத்து ஆள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். அப்பா எங்கே சர்வீஸ் பார்த்தார் என்பதை முதலில் சொல்லுங்கள். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் அவர்களுடைய பாலிகிளினிக்கில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறதா, எதையெல்லாம் தவிர்க்கிறார், சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாரா, குடி உண்டா, எத்தனை நாளாக என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் இந்த நோய் என்று கணக்கு.

ஞாபகப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்புறம், அந்த உதறலை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்கின்சன் நோய் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே தூக்கத்தில் அப்படி உதறுகிறவர்கள் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். சில தூக்க மாத்திரைகள் வயதானவர்களுக்கு மறதியையும் தடுமாற்றத்தையும் கூட்டிவிடும்.

அதுவரை, மதகு வந்தால் அவர் சொல்வதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.